கம்ப்யூட்டர்ல ‘ரெய்டு’ இருக்கு.. ஆனா ஸ்டார்ட் ஆகல! முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம்? எதைத் தொடவே கூடாது?

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை, அமலாக்கத்துறை என்று நினைத்து உள்ளே வந்திருந்தால் மன்னிக்கவும். இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ரெய்டு. ஆனால் இதிலும் ஒரே காலையில் எல்லாம் கையை விட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். முகூர்த்த சீசன். ஒரு போட்டோ ஸ்டூடியோ. எடிட்டிங் கம்ப்யூட்டரில் 4 ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றும் 4 டிபி. ஒன்பது கல்யாணத்தின் போட்டோவும் வீடியோவும் அதில்தான். கேமரா மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்தாகிவிட்டது. இரவு கடையை மூடும்போது வழக்கம்போல மெயின் சுவிட்சை ஆஃப் செய்கிறார்கள். காலையில் ஆன் செய்தால், விண்டோஸ் லோகோ வருகிறது, சில நொடியில் நீலத் திரை. மறுபடி ஆன் செய்தாலும் அதே நீலத் திரை.

ஹார்ட் டிஸ்க் போச்சு, எல்லாம் போச்சு என்று வயிறு கலங்குமா, கலங்காதா?

நிஜம் என்னவென்றால், இந்த மாதிரி நேரங்களில் பல தடவை டேட்டா டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம அழுத்துகிற ஒரு ‘எஸ்’ பட்டன்தான் அதை நிரந்தரமாகக் காலி செய்யும். அந்த பட்டன் எது, அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ரெய்டு என்றால் என்ன?

பல ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாடு. 1988-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் பிரபலமானது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல சின்ன டிஸ்குகளை வைத்து வேலையை முடிக்கலாம் என்பது அவர்களின் யோசனை.

இதில் பல வகை. ரெய்டு 0 என்றால் ஒரே ஃபைலைத் துண்டு போட்டு எல்லா டிஸ்கிலும் பரப்பி வைக்கும். வேகம் கிடைக்கும், பாதுகாப்பு கிடையாது. ஒரு டிஸ்க் செத்தால் மொத்தமும் காலி. ரெய்டு 1 என்றால் ஒரே டேட்டா இரண்டு டிஸ்கிலும் இருக்கும், ஜெராக்ஸ் காப்பி மாதிரி.

நம்ம ஸ்டூடியோவில் இருப்பது ரெய்டு 5. இது கொஞ்சம் சாமர்த்தியமான ஆள். மூன்று எண்களை எழுதி, நாலாவது இடத்தில் கூட்டுத்தொகையையும் எழுதி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 7, 5, 8, கூட்டினால் 20. இதில் 5 அழிந்துபோனால்? 20-லிருந்து 7-ஐயும் 8-ஐயும் கழித்தால் 5 திரும்பக் கிடைக்கும். கம்ப்யூட்டர் செய்யும் கணக்கு வேறு வகை, ஆனால் தத்துவம் இதுதான். அதனால் நான்கு டிஸ்கில் ஏதாவது ஒன்று செத்தாலும் டேட்டா தப்பிக்கும். அதற்கு விலையாக ஒரு டிஸ்க் அளவு இடம் போகும். 16 டிபி வாங்கினால் 12 டிபிதான் பயன்படும்.

இரண்டு டிஸ்க் செத்தால்? 20-லிருந்து 7-ஐக் கழித்து, மீதி 13-ல் எது 5, எது 8 என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வரும்.

எந்த இடத்தில் நிற்குது?

‘ஆன் ஆகல’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் முதலில் கேட்பது, ‘கிக்கர் அடிச்சா சத்தம் வருதா, வரலையா?’ என்றுதானே. அதே கேள்விதான் இங்கேயும்.

ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை, அல்லது ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால், இது ரெய்டு பிரச்சனையாக இருக்க வாய்ப்பு குறைவு. கரண்ட், எஸ்எம்பிஎஸ், ரேம், மதர்போர்டு பக்கம் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்ச் செத்துக் கிடப்பதைப் பார்க்காத சர்வீஸ்காரர் நம்ம ஊரில் இருக்க மாட்டார்.

மதர்போர்டு கம்பெனி லோகோ வந்து, அதற்கப்புறம் ‘பூட் செய்ய டிஸ்க் இல்லை’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றால், கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, எங்கே போய் விண்டோஸை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறது. பின்னால் பென் டிரைவ் எதுவும் சொருகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீங்க, இதனாலேயே அரை நாள் வீணானவர்கள் உண்டு.

விண்டோஸ் லோகோ வரை வந்து, ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை காட்டினால், அது இன்னும் முக்கியமான துப்பு. விண்டோஸ் பாதி எழுந்துவிட்டது. தன் டிஸ்கை எட்ட வேண்டிய வழி மாறிப்போனதால் தடுமாறி விழுகிறது. நம்ம ஸ்டூடியோ கேஸ் இதுதான்.

தனி ரெய்டு கார்டு போட்ட சர்வர் என்றால், கார்டே ஆன் ஆகும்போது திரையில் ஏதாவது சொல்லும், அல்லது பீப் பீப் என்று கத்தும். அந்த மெசேஜைப் படிக்காமல் என்டர் தட்டாதீங்க. மொபைலில் போட்டோ எடுங்கள்.

போட்டோ என்றதும் இன்னொன்று. கேபினெட்டைத் திறந்தால் எந்த கேபிளையும் கழற்றும் முன் உள்ளே அப்படியே நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தெரியணும். ஒவ்வொரு டிஸ்கிலும் 0, 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதன் சீரியல் நம்பரையும் ஒரு பேப்பரில் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பின்னால் ரெக்கவரி வரை போக வேண்டி வந்தால், இந்தத் துண்டுச் சீட்டு ரொம்பக் கைகொடுக்கும்.

நாலு டிஸ்கும் ஒரே ராத்திரியில் சாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி பயம் போய்விடும். ஒரு ஆபீஸில் நாலு பேர் ஒரே நாளில் வரவில்லை என்றால், நாலு பேருக்கும் காய்ச்சல் என்றா நினைப்போம்? பஸ் ஓடலையோ என்றுதானே கேட்போம். அதே மாதிரி, எல்லா டிஸ்கும் ஒன்றாகக் காணாமல் போனால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது செட்டிங்ஸாக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம், கேபிள் அல்லது கன்ட்ரோலராக இருக்கலாம்.

பிரபல ரெய்டு கார்டு வகை ஒன்று, எல்லா டிஸ்கும் காணோம் என்றால் திரையில் காட்டும் எச்சரிக்கையே இதைத்தான் சொல்கிறது. இந்த மெசேஜை நீங்கள் எதிர்பார்க்கவில்லை என்றால், பவரை ஆஃப் செய்துவிட்டு கேபிள்களைச் சரிபாருங்கள் என்று. கார்டு தயாரித்தவர்களே அப்படிச் சொல்லும்போது நாம ஏன் அவசரப்படணும்?

வில்லன் யார்? ஒரு சின்ன காசு பேட்டரி!

மதர்போர்டில் பட்டன் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். எலெக்ட்ரானிக் தராசிலும் கார் சாவி ரிமோட்டிலும் போடுகிற அதே வகை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது இதன் வேலை. பல மதர்போர்டுகளில் பயாஸ் செட்டிங்ஸை நினைவில் வைத்திருப்பதும் இதுதான்.

சில வருஷங்களில் இது தீர்ந்துபோகும். பிளக்கில் எப்போதும் கரண்ட் இருக்கிற இடத்தில், தீர்ந்தது கூடத் தெரியாது. ஆனால் நம்ம ஊர்க் கடைகளில் இரவு மெயினை ஆஃப் செய்வது வழக்கம். பேட்டரியும் தீர்ந்து, மெயினும் ஆஃப் ஆனால், பயாஸ் தன் பழைய நினைவை இழந்து ஃபேக்டரி செட்டிங்ஸுக்குத் திரும்பிவிடும்.

அதில்தான் சிக்கல். பயாஸில் டிஸ்குகளை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு செட்டிங் உண்டு. ‘சாட்டா மோட்’ என்று பெயர். கம்ப்யூட்டரை முதலில் அசெம்பிள் செய்தவர் அதை ‘ரெய்டு’ என்று மாற்றி வைத்திருப்பார். ஃபேக்டரி செட்டிங் பெரும்பாலும் ‘ஏஹெச்சிஐ’. அது மாறிய உடனே, ஒரே குடும்பமாக இருந்த நாலு டிஸ்கும் நாலு தனி ஆட்களாகத் தெரியும். ரெய்டு முறையில் இன்ஸ்டால் ஆன விண்டோஸுக்குத் தன் வீட்டுக்கு வழி தெரியாது. நீலத் திரை.

கண்டுபிடிப்பது எப்படி? பயாஸுக்குள் போய் தேதியைப் பாருங்கள். பல வருஷத்துக்கு முந்தைய தேதி காட்டினால், வில்லன் சிக்கிட்டான் என்று பாதி முடிவு செய்யலாம். புது பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை மறுபடி ‘ரெய்டு’க்கு மாற்றி, பூட் வரிசையில் விண்டோஸ் இருக்கிற டிஸ்கை முதலில் வைத்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். ரெய்டு விவரம் டிஸ்குகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் கம்ப்யூட்டர் அதைத் தானே படித்துக்கொள்ளும். ஒன்பது கல்யாணமும் திரும்பி வரும். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் இதே பிரச்சனை வந்தாலும் காரணம் இதேதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், சின்ன பேட்டரி ஒன்று செய்த வேலையை ‘ஹார்ட் டிஸ்க் கிராஷ்’ என்று நினைத்து ஃபார்மேட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

ஜாக்கிரதை.. இந்த மூன்று கேள்விக்கு ‘எஸ்’ சொல்லாதீங்க

செட்டிங் மாறியிருக்கும் நேரத்தில் சில கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டாமல் நல்ல பிள்ளையாக ஆன் ஆகிவிடும். அப்போதுதான் ஆபத்து அதிகம்.

ரெய்டு 5-ல் இருந்த டிஸ்குகளைத் தனித்தனியாகப் பார்க்கும் விண்டோஸுக்கு அதில் இருப்பது குப்பை போலத் தெரியும். ‘இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்யணும்’ என்று கேட்கும். ‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்யணும்’ என்று கேட்கும். விண்டோஸ் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறது. கேன்சல் அழுத்துங்கள். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்.

இன்னொன்று, ஸ்டார்ட் ஆகும்போதே கறுப்புத் திரையில் ‘செக் டிஸ்க்’ ஓடப்போகிறது, நிறுத்த ஏதாவது ஒரு கீயை அழுத்தவும் என்று கவுன்ட் டவுன் ஓடும். அழுத்தி நிறுத்துங்கள். முழு ரெய்டும் சரியாகச் சேராத நிலையில் செக் டிஸ்க் ஓடினால், சரியாக இருக்கிற ஃபைல் பட்டியலையே தப்பு என்று நினைத்து ‘திருத்தி’ விடும்.

ரெய்டு 1 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நுணுக்கமான ஒரு பொறி உண்டு. இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா என்பதால், ரெய்டு இல்லாமலே ஒரு டிஸ்கிலிருந்து விண்டோஸ் அழகாக ஓட ஆரம்பித்துவிடலாம். நீங்களும் இரண்டு நாள் பில் போடுவீங்க. அந்த பில் எல்லாம் ஒரு டிஸ்கில் மட்டும். பிறகு யாரோ வந்து செட்டிங்கை மறுபடி ரெய்டுக்கு மாற்றினால், இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். இதைப் படிக்கும்போது அதிலிருந்து பாதி, இதிலிருந்து பாதி எடுக்கும். கணக்கு ஃபைல் கெட்டுப் போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதனால் ரெய்டு 1 கம்ப்யூட்டரில் திடீரென்று ஒரே மாதிரி இரண்டு டிரைவ் தெரிந்தால், எதையும் சேவ் செய்யாமல் ஷட் டவுன் செய்யுங்கள்.

கரண்ட் பத்தலைன்னாலும் இப்படித்தான்

பேட்டரி நன்றாக இருக்கிறது, செட்டிங்கும் சரி. ஆனால் ஒரு நாள் இரண்டு டிஸ்க் தெரிகிறது, மறுநாள் மூன்று தெரிகிறது. இப்படி ஆடினால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

பெரிய ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது சாப்பிடுகிற கரண்ட் குறைவு. நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும் அந்த சில நொடிகளில்தான் அதிகம் இழுக்கும். 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர், அதாவது ஒரு டிஸ்குக்கே 24 வாட். ஆறு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் அதற்கு மட்டும் 144 வாட். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் எல்லாம் தனி. பழைய எஸ்எம்பிஎஸ் அந்த நொடியில் தள்ளாடும். ஏதாவது ஒரு டிஸ்க் எழுந்திருக்காது. ரெய்டு அதை ‘செத்த டிஸ்க்’ என்று பட்டியலிலிருந்து தூக்கிவிடும். டிஸ்க் மேல் தப்பே இல்லை.

ஒரே பவர் வயரிலிருந்து மலிவான ஸ்பிளிட்டர் போட்டு நாலு டிஸ்குக்குப் பிரித்திருந்தால் அதையும் பாருங்கள். சாட்டா கேபிள் லூசாக இருந்தாலும் இதே கூத்துதான். தூசி தட்டுகிறேன் என்று ப்ளோயர் போட்ட மறுநாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

சோதித்துப் பார்க்க டிஸ்குகளைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு விதி. பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரெய்டு டிஸ்குகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்யாதீங்க. மூன்று டிஸ்கோடு ரெய்டு ஓட ஆரம்பித்தால், கழற்றிய நாலாவது டிஸ்க் அந்த நொடியிலிருந்து ‘பழைய ஆள்’ ஆகிவிடும். அப்புறம் சேர்த்தாலும் வீட்டில் சேர்த்துக்கொள்ளாது.

எல்லாவற்றையும் கழற்றினால் பயாஸ் வேகமாக வருகிறது, மாட்டினால் லோகோவிலேயே ஐந்து நிமிடம் தொங்குகிறது என்றால், ஏதோ ஒரு டிஸ்க் உண்மையிலேயே சாகக் கிடக்கிறது. அது பதில் சொல்லும் என்று மற்ற எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்துப்போச்சுன்னா?

டக் டக் என்று கடிகாரம் போலத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஆன் செய்ய ஆன் செய்ய, உள்ளே தட்டில் கீறல் விழும். ஃப்ரீசரில் வைப்பது, கையால் தட்டுவது, வீட்டில் ஸ்க்ரூ கழற்றித் திறப்பது என்று யூடியூபில் நிறைய வைத்தியம் உலவுகிறது. எதுவும் வேண்டாம்.

ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் கம்ப்யூட்டர் மெதுவாகவாவது ஓட வேண்டும். அதற்குத்தானே இவ்வளவு செலவு செய்தோம். அப்படி ஓடும்போது எல்லோரும் செய்கிற வேலை, உடனே புது டிஸ்க் வாங்கிப் போட்டு ‘ரீபில்ட்’ கொடுப்பது. அதாவது அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு, செத்த டிஸ்கில் இருந்ததைப் புது டிஸ்கில் மறுபடி எழுதுவது. சரியான வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ஏன்? ரீபில்ட் நடக்க மீதி மூன்று டிஸ்கையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரு புள்ளி விடாமல் படிக்கணும். நொடிக்கு 150 எம்பி வேகம் என்றே வைத்தாலும் 4 டிபி டிஸ்குக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒரு நாள் கூட ஆகலாம். அந்த மூன்றும் செத்துப்போன டிஸ்கோடு ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. ஒரே வயசு. ஒரே வெயில். அவற்றுக்கு வாழ்நாளிலேயே கடினமான ஓட்டம் இதுதான். பாதியில் இன்னொன்று விழுந்தால், மேலே பார்த்த அந்த 13-ஐ எப்படிப் பிரிப்பது என்ற கணக்கில் வந்து நிற்போம்.

ஒரே நாளில் வாங்கிய டிஸ்க் ஒன்றாகச் சாகும் என்பதற்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. அதன் சில வகை எஸ்எஸ்டிகள், ஓட ஆரம்பித்து சரியாக 32,768 மணி நேரம் ஆனதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம் ஆனதும், செயலிழந்துவிடும், டிஸ்கும் டேட்டாவும் திரும்பக் கிடைக்காது என்றது. காரணம் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரில் ஒரு பிழை. ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். அந்த இடத்தில் எந்த ரெய்டும் உதவாது. அதற்கான ஃபர்ம்வேர் அப்டேட்டையும் நிறுவனம் வெளியிட்டது.

புது டிஸ்க் வாங்கும்போதும் ஒரு விஷயம். சில ஹார்ட் டிஸ்குகள் ‘எஸ்எம்ஆர்’ என்ற முறையில், ஓட்டு வேய்ந்த கூரை போல ஒரு வரியின் மேல் இன்னொரு வரி படியும்படி எழுதும். சும்மா ஃபைல் சேமிக்கப் பரவாயில்லை, ரீபில்ட் என்று வந்தால் மூச்சு வாங்கும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், ரெய்டு பெட்டிகளுக்கென்றே விற்ற ‘ரெட்’ வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் இந்த முறையைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். அதனால் கடையில் ‘சிஎம்ஆர்’ டிஸ்க்தானா என்று கேட்டே வாங்குங்கள். கடைக்காரர் முழித்தால் மாடல் நம்பரை வைத்து கம்பெனி தளத்தில் பாருங்கள்.

இரண்டு டிஸ்க் போச்சுன்னு காட்டுதா? அப்போ ஒரு தேதி வேணும்

ரெய்டு 5-ல் இரண்டு டிஸ்க் ‘ஃபெயில்டு’ என்று காட்டி, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பெரும்பாலும் நடந்தது இதுவாக இருக்கும். ஆறு மாசத்துக்கு முன்பே ஒரு டிஸ்க் வெளியே போய்விட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை மெயில் யாரோ வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நேற்று இரண்டாவது டிஸ்கும் போனது.

இந்த இடத்தில் சிலர் ‘ஃபோர்ஸ் ஆன்லைன்’ என்ற ஆப்ஷனை அழுத்தி, இரண்டில் ஏதோ ஒன்றை வலுக்கட்டாயமாக உள்ளே சேர்ப்பார்கள். நேற்று விழுந்த டிஸ்கைச் சேர்த்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆறு மாசத்துக்கு முன் விழுந்ததைச் சேர்த்தால், அன்றைய கூட்டுத்தொகையை வைத்து இன்றைய கணக்கைப் போட்டது போல எல்லாம் தப்புத் தப்பாக வரும். அதோடு ரீபில்டும் கொடுத்தால், அந்தத் தப்பை நிரந்தரமாக எழுதிவிடும்.

எது எப்போது விழுந்தது என்பது ரெய்டு கார்டின் ஈவென்ட் லாகில் தேதியோடு இருக்கும். அதைப் பார்க்காமல் ஆப்ஷன் அழுத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஒயர் வெட்டுவது போலத்தான். பார்க்கத் தெரியாது என்றால், ஆஃப் செய்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மதர்போர்டோ கார்டோ போயிட்டா?

டிஸ்கெல்லாம் நலம், அவற்றைக் கட்டி மேய்த்த கார்டு போய்விட்டது என்றால், அதே கம்பெனியின் அதே வகைக் கார்டு வேண்டும். புது கார்டில் மாட்டினால் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று சொல்லும். வெளிநாட்டு விவகாரம் எல்லாம் இல்லை, ‘வேறு கார்டில் செய்த அமைப்பு ஒன்று இந்த டிஸ்கில் இருக்கிறது’ என்று அர்த்தம். அதற்கு ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என்று இரண்டு வழி காட்டும். எல்லா டிஸ்கும் நலமாக இருந்தால் இம்போர்ட். கிளியர் என்றால் அந்த அமைப்பையே அழித்துவிடும்.

சினாலஜி, கியூநாப் போன்ற நாஸ் பெட்டி போய்விட்டால், டிஸ்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்காதீங்க. அவை உள்ளுக்குள் லினக்ஸ். விண்டோஸ் மறுபடி அதே ‘இனிஷியலைஸ்’ பாட்டைத்தான் பாடும். அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியில், ஸ்டிக்கர் ஒட்டிய அதே வரிசையில் மாற்றுங்கள். கம்பெனி தளத்தில் எந்த மாடலிலிருந்து எந்த மாடலுக்கு மாற்றலாம் என்ற பட்டியல் இருக்கும்.

லினக்ஸ் சர்வரில் ரெய்டு 1 போட்டவர்களுக்கு இன்னொரு அனுபவம் வரும். ஒரு டிஸ்க் போனதும், முழு டேட்டாவும் இருக்கிற இரண்டாவது டிஸ்கிலிருந்து பூட் ஆகாது. காரணம், பூட் செய்யும் சின்னப் பகுதியை இன்ஸ்டால் செய்தபோது முதல் டிஸ்கில் மட்டும் வைத்திருப்பார்கள். டேட்டா எங்கும் போகவில்லை. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு ஆன் செய்தால் உள்ளே போய்விடலாம். இருக்கிற ரெய்டைச் சேர்க்க ‘அசெம்பிள்’ என்ற கட்டளை. புதிதாக உருவாக்க ‘கிரியேட்’. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று இரண்டாவதைத் தட்டிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் ஏராளம்.

சர்வீஸ்காரரிடம் என்ன கேட்கணும்?

நல்ல சர்வீஸ்காரர்களும் ரெய்டு கம்ப்யூட்டரை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். புதுசா விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் பலரின் முதல் யோசனை. அந்த நேரத்தில் இன்ஸ்டாலர் ‘டிஸ்க் எதுவுமே இல்லை’ என்று காட்டலாம். டிஸ்க் செத்ததாக அர்த்தமில்லை. ரெய்டு டிரைவர் கொடுக்காமல் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு அது தெரியாது. அதைப் பார்த்துவிட்டு பயாஸில் சாட்டா மோடை மாற்றினால், கதை மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடும்.

கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘இதுல ரெய்டு இருக்கு. டேட்டா வேணும். ஃபார்மேட், இன்ஸ்டால் எதுவும் என்னைக் கேட்காம செய்யாதீங்க.’ ஜாப் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். டேட்டா ரெக்கவரி நிறுவனத்துக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி போதும். ‘முதல்ல எல்லா டிஸ்கையும் தனித்தனியா குளோன் எடுப்பீங்களா, இல்ல என்னோட ஒரிஜினல்லயே வேலை பார்ப்பீங்களா?’ குளோன் எடுத்து அதில்தான் வேலை பார்ப்போம் என்று சொல்கிறவரிடம் கொடுக்கலாம். ‘அதெல்லாம் வேண்டாம் சார், நேரா ரீபில்ட் போட்டுடலாம்’ என்கிறவரிடமிருந்து டிஸ்கை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆன் ஆயிடுச்சா? இன்னும் வேலை முடியல

நம்ம ஸ்டூடியோவுக்கு வருவோம். பேட்டரி மாற்றியாச்சு, சாட்டா மோட் சரி, விண்டோஸ் வந்துவிட்டது. நாலு டிஸ்கும் ‘நார்மல்’ என்று காட்டுகிறது. உடனே ஆல்பம் டிசைனில் உட்காரத் தோன்றும்.

முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கை எடுத்து ஒன்பது கல்யாணத்தையும் காப்பி போடுங்கள். ரெய்டு என்பது பேக்கப் கிடையாது. தப்பாக டெலீட் செய்தாலும், ரான்சம்வேர் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினாலும், ரெய்டு அதை நாலு டிஸ்கிலும் கச்சிதமாக எழுதி வைக்கும். காப்பி முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி, அந்த வெளி டிஸ்க் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும்.

காப்பி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பயாஸ் திரையைக் காட்டும் போட்டோ ஒன்றை மொபைலில் எடுத்து வையுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஓடும்போது பயாஸுக்குள் போக முடியாது, முடிந்ததும் எடுங்கள். சாட்டா மோட், பூட் வரிசை இரண்டும் அந்தப் போட்டோவில் தெரியணும். புது பேட்டரி போட்ட தேதியை மார்க்கரால் கேபினெட்டின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை திறப்பவருக்கு உதவும்.